சூட்டுக்கல் மேட்டு இருசம்மாள்

இருசம்மாளுக்குப் பேய், பிசாசு, காத்து, கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. கல்வராயன் மலைக்குக் கிழக்கே, கோமுகி அணையைத் தாண்டிப் போனால் வரும் அந்தச் சின்ன ஊரில் இது சிறுசு பெருசு எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. உச்சி உருமமான நடுப்பகலில் மற்றப் பெண்கள் ஓடைப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டார்கள். இவள் அந்த நேரம் பார்த்துத்தான் விறகு பொறுக்கக் கிளம்புவாள். "செத்தவன் இன்னா பண்ணுவான்? உசுரோட கீறவனுங்க பண்றதே தாங்கல" என்பாள். வாய் கொஞ்சம் நீளம்தான், ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த வாயில் பொய் வராது. பஞ்சாயத்தில் ஒரு வழக்கு இழுத்துக்கொண்டே போனால், "இருசம்மாவக் கூப்புடுங்கப்பா, அது பாத்தத சொல்லும்" என்று ஆளனுப்பிக் கூப்பிடுகிற அளவுக்குப் பேர்.

பிறந்தது களமருதூர்ப் பக்கம். நாற்று நட்டு, கதிர் அறுத்து வளர்ந்தவள். வேடியப்பனைக் கட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்கு வந்த பிறகு கரும்பு வெட்டினாள், மரவள்ளிக் கிழங்கு பிடுங்கினாள், நூறு நாள் வேலைக்கு மண்வெட்டி தூக்கினாள். வேடியப்பன் கிணறு வெட்டுகிறவன். பாறைக்கு வெடி வைத்து இறங்கி அள்ளுவது அவன் வேலை. ஒருநாள் கிணற்று மேட்டில் நின்றுகொண்டு மேஸ்திரி, "எல்லா வெடியும் வெடிச்சிடுச்சிப்பா, உள்ள ஒண்ணும் இல்ல, எறங்கு" என்றான். இவனும் இறங்கினான். ஒன்று பாக்கி இருந்தது. அன்றைக்கு மகள் எழில்மதிக்குப் பால் பல் கூட விழவில்லை. அதற்குப் பிறகு இருசம்மாளுக்கு இருந்தது அந்த ஒரே பெண்தான். சாமி, சாத்தான் என்று வேறு எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

எழில்மதியை மணலூர்பேட்டையில் கொடுத்தாள். மாப்பிள்ளை தமிழரசன் நல்ல பையன், திருப்பூரில் வேலை. கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. இரண்டு முறை தங்கியது, இரண்டு முறையும் கலைந்து போனது. மூன்றாவது முறை தங்கியபோது இருசம்மாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஊர்க் கண் படக்கூடாது என்றல்ல; தன் வாயால் சொல்லிவிட்டுப் பிறகு இல்லை என்று சொல்ல நேர்ந்தால் தாங்காது என்று.

இதற்கு முன்னாலேயே ஊருக்கு மேற்கே இருக்கும் பாறை மேட்டுக்கு ஆராய்ச்சிக்காரர்களின் ஜீப்பும், துளை போடுகிற வண்டியும் வந்து சேர்ந்திருந்தன. விஷயம் இதுதான். அணு உலையில் எரிந்து முடிந்த கழிவு இருக்கிறதே, அது எரிந்து முடிந்தாலும் அடங்காது. தலைமுறை தலைமுறையாகச் சூடாகவே கிடக்கும், விஷத்தையும் விடாது. அதை என்றைக்காவது பூமிக்கடியில் கெட்டிப் பாறைக்குள் புதைப்பதென்றால், அந்தச் சூட்டைப் பாறை தாங்குமா, விரிசல் விடுமா என்று முன்னாலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகப் பாறையைத் துளைத்து, கழிவுக்குப் பதிலாகக் கரண்டில் சூடாகும் தடிக்கம்பிகளை உள்ளே இறக்கி மூடிவிட்டார்கள். கழிவு ஒரு பொட்டுக்கூட வரவில்லை.

மேட்டின் மேலேயும் ஒரு சோதனை நடந்தது. இன்னும் ஆயிரக்கணக்கான வருஷம் கழித்து வருகிற மனுஷனுக்கு நம் எழுத்து தெரியாது, நம் பேச்சு தெரியாது. 'இங்கே தோண்டாதே, கிட்டே வராதே' என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? பார்த்த மாத்திரத்தில் வயிற்றைக் கலக்குகிற மாதிரி கற்களை நட்டு வைத்தால் போதுமா? அதைப் பார்ப்பதற்காக ஆள் உயரக் கருங்கற்களைக் கோணல்மாணலாக நட்டு, சிலவற்றில் வாயைப் பிளந்து அலறுகிற முகங்களைச் செதுக்கியிருந்தார்கள். வேலி போடவில்லை, பலகை வைக்கவில்லை. சனங்கள் தாமாகவே ஒதுங்குகிறார்களா என்று ஒரு கம்பத்தில் கேமரா மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

மேட்டைப் பெருக்கி, முள் வெட்டி, கல்லைத் துடைத்து வைக்க ஆள் தேவைப்பட்டது. பயப்படாத ஆள் யார் என்று கேட்டார்கள். ஊரே இருசம்மாளைக் கை காட்டியது.

வேலையை ஒப்படைத்தவர் ஷாலினி. சென்னையிலிருந்து வருகிற ஆராய்ச்சியாளர், சின்ன வயசு, நல்ல மாதிரி. "இருசம்மா, உங்களுக்கு மட்டும் சொல்றேன். உள்ள வெறும் ஹீட்டர்தான். வேற ஒண்ணும் இல்ல. ஆனா ஊர்ல யார் கேட்டாலும் எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடுங்க. தெரியாதப்ப என்ன பண்றாங்கன்னுதான் நாங்க பாக்கணும்."

"செரிங்க மேடம்" என்றாள் இருசம்மாள். ஆனால் 'உள்ள ஒண்ணும் இல்ல' என்ற சொல் அவள் காதுக்குள் போய் எங்கேயோ சிக்கிக்கொண்டது. அதே சொல்லை அவள் முன்பே ஒரு முறை கேட்டாயிற்று.

முதல் கொஞ்ச மாதம் கல் தன் வேலையைச் செய்தது. ஆடு மேய்க்கிற தங்கமணி, பக்கத்து வீட்டுக்காரி, மேட்டைச் சுற்றிக்கொண்டு போனாள். "யக்கா, அந்த மூஞ்சிங்கள எப்டிக்கா துடைக்கிற? எனக்குப் பாத்தாவே கொல நடுங்குது." பிறகு குளிர் ஆரம்பித்தது. மலையடிவாரத்துக் குளிர் லேசுப்பட்டதல்ல. ஒருநாள் காலையில் தங்கமணியின் ஆடுகளைக் காணோம். தேடிப் போனால், அத்தனை ஆடுகளும் கற்களுக்கு நடுவில் அசையாமல் படுத்துக்கிடந்தன. சுற்றிலும் புல் பனியில் நனைந்திருக்க, மேட்டில் மட்டும் ஒரு சொட்டுப் பனி இல்லை. அடியிலிருந்து ஏறிய சூட்டில் கல் வெதுவெதுவென்று இருந்தது. தங்கமணி பயந்துகொண்டே கல்லில் கை வைத்தாள். வைத்தவள், "யம்மா, ஒடம்பு மாரி கீது" என்று கத்திக்கொண்டு ஊருக்குள் ஓடினாள்.

அவ்வளவுதான். நம் சனங்களைத் தெரியாதா? நட்ட கல் ஒன்று சுடுகிறது என்றால் சும்மா விடுவார்களா? மறுநாள் மஞ்சள், அதற்கு மறுநாள் குங்குமம், அந்த வாரக் கடைசியில் பொங்கல். மனுஷனை விரட்டுவதற்காகச் செதுக்கிய முகத்துக்கு எலுமிச்சம்பழ மாலை போட்டார்கள். சூட்டுக்கல் மேடு என்று பேரும் வந்துவிட்டது. இருசம்மாள் காலையில் போய் எல்லாவற்றையும் கழுவுவாள், சாயந்திரத்துக்குள் திரும்பவும் வைத்துவிடுவார்கள். ஷாலினி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"பயமுறுத்தினா ஓடுவாங்கன்னு நெனச்சோமே, இருசம்மா!"

"எங்கூர்ல பயமா கீற எடத்தத்தான் மேடம் கும்புடுவாங்க" என்று இவள் சிரித்தாள். அப்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கார்த்திகையில் எழில்மதிக்கு வளைகாப்பு முடித்து வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். இரண்டு கையும் வளையல், முகம் பூரித்துக்கிடந்தது. இடுப்பு வலி மட்டும் விட்டபாடில்லை. தாய்க்காரி வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்த்தாள், தைலம் தேய்த்துப் பார்த்தாள். ஒருநாள் மதியம் இருசம்மாள் மேட்டுக்குப் போனபோது, கற்களுக்கு நடுவே யாரோ படுத்திருப்பது தெரிந்தது. கிட்டே போனாள். எழில்மதிதான். ஒரு கல்லில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடி, வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கிடந்தாள். அவள் தலைக்கு மேலே கல் முகம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

இருசம்மாள் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எழுந்திருடி! எழுந்திரு!"

"இன்னாம்மா கத்துற? எவ்ளோ எதமா கீது தெரியுமா. நாலு நாளா வந்துக்கினுதான் கீறேன். வலியே இல்ல."

"இது சாமியும் இல்ல பூதமும் இல்ல. உள்ள கரண்டு கம்பி வெச்சிக்கிறாங்க, வெந்நி போடற கம்பி மாரி. மேடம் எங்கிட்ட சொல்லிக்கிறாங்க. வேற ஒண்ணும் இல்லியாம்."

எழில்மதி அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லன்னா நீ ஏம்மா பயப்புடற?"

இருசம்மாள் அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். காரணத்தை எப்படிச் சொல்வாள்? உள்ள ஒண்ணும் இல்ல என்று ஒருவன் சொல்லி, அதை நம்பி இறங்கினவனைத் துணியில் மூட்டையாகக் கட்டித் தூக்கிவந்த வீடு அது. பெரிய பெரிய படிப்பெல்லாம் படித்தவர்கள் இத்தனை கோரமாக முகம் செதுக்கி வைத்திருக்கிறார்கள் என்றால், வெறும் வெந்நீர்க் கம்பிக்கா? இரண்டு தடவை கலைந்த வயிறு. மூன்றாவது தடவையும் ஏதாவது ஆனால் பெண் பிழைக்க மாட்டாள் என்பது தாய்க்குத் தெரியும். திட்டினாள், கெஞ்சினாள், கதவைச் சாத்தி வைத்தாள். இவள் வேலைக்குப் போனதும் எழில்மதி மேட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தாள்.

அந்தச் சமயத்தில் புயல் மழை வந்தது. மழை விட்டதும் இருசம்மாள் மேட்டுக்குப் போய்ப் பார்த்தாள். மண் இளகி, ஒரு நீளக் கல் சரிந்து, நின்றிருந்த இரண்டு கற்களின் மேல் குறுக்கே விழுந்து கிடந்தது. இரண்டு கல் நிற்க, மேலே ஒரு கல் படுத்திருக்க, அது அச்சு அசல் சுமைதாங்கி. வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி செத்துப்போனால், அந்தச் சுமையை இறக்காமலே போய்விட்டாளே என்று அவள் பேரில் வழியோரமாக நட்டு வைக்கிற கல்தான் சுமைதாங்கி. வழிப்போக்கர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்து இளைப்பாறினால் செத்தவளுக்கும் பாரம் குறையும் என்பார்கள். மாசமாக இருக்கிறவளை மட்டும் அந்தப் பக்கம் அண்ட விட மாட்டார்கள்.

இருசம்மாள் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். பிறகு நேரே வீட்டுக்கு வந்தாள். தங்கமணியும் அங்கே உட்கார்ந்திருந்தாள். அதுவும் வசதியாகப் போயிற்று.

"இனிமே யாரும் மேட்டுக்குப் போவாதீங்க. நான் பாத்துட்டேன்."

"இன்னாத்தக்கா பாத்த?"

"ஒரு பொம்பளய. நெற மாசம். இடுப்புல கைய வெச்சிக்கினு கல்லுங்களுக்கு நடுவுல நடந்துக்கினு கீறா. எறக்கத் தெரியாம சுத்தறா."

வேறு யார் சொல்லியிருந்தாலும் ஊர் பாதியாவது சந்தேகப்பட்டிருக்கும். சொன்னது இருசம்மாள். பேயை நம்பாதவள், பொய் சொல்லாதவள். தங்கமணி நெஞ்சில் கையை வைத்தபடி எழுந்து போனாள். பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து மேட்டுக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை. ஆடுகளைக்கூட வேறு பக்கம் ஓட்டினார்கள். எழில்மதியும் வாசலைத் தாண்டவில்லை. அப்பாடா என்று இருந்தது இருசம்மாளுக்கு. வாழ்க்கையில் ஒரே ஒரு பொய், அதுவும் பெற்ற மகளுக்காக. தப்பில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தப்பு எங்கே ஆரம்பித்தது என்றால், பொய் சும்மா இருக்கவில்லை. ஒரு வாரம் கழித்துத் தங்கமணி வந்து, "அவ பேரு பச்சையாம்க்கா" என்றாள்.

"எவ பேரு?"

"அதான், நீ பாத்தவ. அரக்குச் சேல கட்டிக்கினு இருப்பாளாம். மலையிலேர்ந்து சொமையோட எறங்கி வந்தப்ப அந்தப் பாறையில வலி எடுத்து, ஒத்தையில செத்துப் போனாளாம். எங்க மாமியா அப்பவே சொல்லிக்கீது, நான்தான் மறந்துட்டேன்."

இருசம்மாள் சேலை நிறம் சொல்லவில்லை, பேர் சொல்லவில்லை. "உங்க மாமியா இதுக்கு முன்ன எப்பவாச்சும் சொன்னாளாடி?" என்று அழுத்திக் கேட்டாள். தங்கமணி யோசித்துவிட்டு, "சொல்லாம எனக்கு எப்டிக்கா தெரியும்?" என்றாள். கடைவீதியில், குழாயடியில், ரேஷன் கடையில் எல்லோருக்கும் பச்சையைத் தெரிந்திருந்தது. அவள் கால் வீங்கியிருந்ததுகூடத் தெரிந்திருந்தது.

ஷாலினி வந்தபோது தலைகால் புரியாத சந்தோஷம். "கேமராவுல பாத்தேன், இருசம்மா. ஒருத்தர்கூடக் கிட்ட வரல. கடைசியில கல்லு வேலை செய்யுது பாத்தீங்களா!" இருசம்மாள் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தாள். போகிற போக்கில் ஷாலினி இன்னொன்றும் சொன்னார். "மழையில ஒயர் நனைஞ்சு ஹீட்டர் அன்னைக்கே நின்னுடுச்சு. சாமான் வந்தாத்தான் திருப்பிப் போட முடியும்."

"ஆனா கல்லு இன்னும் சுடுதே மேடம்."

"பாறை அவ்ளோ சீக்கிரம் சூட்டை விடாது. கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்."

கொஞ்ச நாள் போனது, மார்கழியும் போனது. இருசம்மாள் தினமும் கையை வைத்துப் பார்த்தாள். சூடு குறைந்த மாதிரித் தெரியவில்லை. பட்டப்பகலில், வெயில் சுள்ளென்று அடிக்கிற நேரத்தில், அந்த மேட்டில் துடைப்பத்தை வைத்துக்கொண்டு நிற்க அவளுக்கு முதுகு சில்லிட்டது. பெருக்குகிற சத்தத்தை நிறுத்தினால் கல் 'டொக்' என்று உள்ளுக்குள் முனகியது. பாறை ஆறும்போது அப்படிச் சத்தம் வரும் என்று ஷாலினி எப்போதோ சொல்லியிருந்தார். தெரிந்துதான் இருந்தது. தெரிந்து என்ன பிரயோசனம்? இவள் கட்டிய பொய்தான், இருந்தும் இவளே திரும்பிப் பார்த்துப் பார்த்து நடந்தாள்.

அதைவிடப் பெரிய கூத்து வீட்டில் நடந்தது. எழில்மதி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். தட்டில் போட்டது போட்டபடி இருக்கும். கண்ணைச் சுற்றிக் கருவளையம், கையில் வளையல்கள் முழங்கை வரைக்கும் சரிந்தன. நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு, "ரத்தம் கம்மியாகிக்கிட்டே போவுது. இப்படியே இருந்தா தாயும் தாங்காது, புள்ளையும் தாங்காது" என்று கடிந்துவிட்டுப் போனார். தமிழரசன் போன் போட்டு அழுதான்.

அன்றைக்கே இருசம்மாள் உண்மையைப் போட்டு உடைத்தாள். மகள் கால்மாட்டில் உட்கார்ந்து, அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "எழிலு, நான் யாரையும் பாக்கலடி. நீ அங்க போவக்கூடாதுன்னு கட்டி வுட்டேன். பச்சையும் இல்ல, செவப்பும் இல்ல. அத்தனையும் பொய்யி. எம்மேல சத்தியமா, உங்கப்பன் மேல சத்தியமா பொய்யிடி. சாப்புடு கண்ணு."

எழில்மதி கோபப்படவில்லை.

"நீ பாக்காம இருந்திருக்கலாம்மா. நீ சொல்றதுக்கு முன்னாடியே அவ எங்கிட்ட பேசிட்டா."

"இன்னாடி சொல்ற?"

"மொத நாள் சாஞ்சி படுத்தப்பவே. கல்லுக்குள்ளேர்ந்து. 'கனக்குது, செத்த புடிச்சிக்கிறியா'ன்னு கேட்டா. யாரோ பாவம்னு நானும் செரின்னேன்." வயிற்றைக் காட்டினாள். "அதான் இம்மாம் பாரம். இதுல எது எங்கொழந்த, எது அவளுதுன்னு தெரியலம்மா."

இரத்தம் குறைந்தவளுக்கு மயக்கத்தில் அப்படித் தோன்றியிருக்கும், நர்ஸம்மாவைக் கேட்டால் அதைத்தான் சொல்வார். இருசம்மாளுக்கும் அது தெரியும். ஆனால் மகள் அதைச் சொன்ன தொனியில் மயக்கம் இல்லை. விடிந்தால் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

அன்று உச்சி வேளையில் இருசம்மாள் மேட்டுக்கு நடந்தாள். கையில் துடைப்பம் இல்லை. தலையில் ஒரு சுமை. வழியில் கிடந்த கல்லையெல்லாம் ஒரு சாக்கில் அள்ளிப் போட்டு, கழுத்து நோகத் தூக்கிக்கொண்டு போனாள். கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்தால் பார்க்கட்டும். குறுக்கே கிடந்த கல்லின் மேல் சுமையை இறக்கினாள். இடுப்பில் முடிந்து வந்திருந்த புது வளையல் பொட்டலத்தை அவிழ்த்து, வளைகாப்பு நடத்துவது போல ஒவ்வொன்றாக எடுத்துக் கல்லின் மேல் வைத்தாள். கூப்பிட வாய் வரவில்லை. இல்லாத ஒருத்தியை என்னவென்று கூப்பிடுவது? பிறகு வந்தது.

"பச்சை! அம்மாடி, பச்சை! உன்ன நான்தான் வரவெச்சேன். நீ முன்னயே இருந்தியோ, நான் சொல்லித்தான் வந்தியோ, எனக்குத் தெரியல. எதுவா இருந்தாலும் எம்பொண்ணு சின்னப் பொண்ணு. ரெண்டு தரம் பறிகுடுத்தவ. அவளால சொமக்க முடியாதும்மா. கனக்குதுன்னா எங்கிட்ட குடு. நான் சொமந்து பழகினவ. எந்தலையில ஏத்திட்டு நீ போயிடு தாயி."

கல்லில் நெற்றியை வைத்து அழுதாள். நெற்றிக்குக் கீழே கல் வெதுவெதுவென்று இருந்தது. ஜுரம் கண்ட பிள்ளையின் நெற்றிமேல் நெற்றி வைத்த மாதிரி. திரும்பி நடந்தபோது அவளுக்குக் கழுத்து கடுத்தது. சாக்கை அங்கேயேதான் விட்டுவிட்டு வந்தாள். சுமை குறைந்த மாதிரித் தெரியவில்லை.

வீட்டு வாசலில் தங்கமணி நின்றுகொண்டிருந்தாள். "ஓடியாக்கா, பனிக்குடம் ஒடஞ்சிடுச்சி. நூத்தியெட்டுக்கு போன் போட்டாச்சி!"

கள்ளக்குறிச்சிப் பெரியாஸ்பத்திரியில் எழில்மதியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. இருசம்மாள் சுவரில் சாய்ந்து நின்றாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. கழுத்திலும் இடுப்பிலும் ஏதோ ஒரு பாரம் அழுத்த, உட்கார்ந்தால் எழ முடியாது என்று பயந்தாள். உள்ளேயிருந்து எழில்மதி கத்துவது கேட்டது. பிறகு அதுவும் நின்றது. எதுவுமே கேட்காத அந்தக் கொஞ்ச நேரத்தில் இருசம்மாள் தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லோரையும் விட்டுவிட்டு, 'பச்சை, பச்சை' என்றே மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. பெண் குழந்தை. எடை கம்மி, ஆனால் பயமில்லை என்றார்கள். தாய்க்கு இரத்தம் ஏற்றுகிறார்களாம்.

பார்க்க விட்டபோது எழில்மதியின் உதடு வெளுத்திருந்தது. பக்கத்தில் துணிக்குள் குழந்தை. அதை அவள் தொடவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள். இருசம்மாள் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள்.

"யம்மா, அவ எறக்கிட்டாளாம்மா?"

அத்தனையும் பொய் என்று மகள் காலைப் பிடித்துச் சத்தியம் செய்த வாய் அது.

"எறக்கிட்டாடி. நான் பாத்தேன். வெறுங்கையோட மலையேறிப் போறா."

"நெஜமா பாத்தியா?"

"நெஜமா பாத்தேன்."

எழில்மதி பெருமூச்சு விட்டாள். பிறகு மெல்லத் திரும்பி, குழந்தையைத் துணியோடு வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். அது சப்புக்கொட்டிக்கொண்டு பால் தேடியது. இருசம்மாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள். எழ முடியவில்லை. பிள்ளைத்தாச்சி மாதிரி இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டுதான் எழுந்தாள்.